கோழி உட்கார்ந்த ஒரு வருஷம்

பெரிய பண்ணையை விட்டுத் தனியாக வந்த கோழிக்கு ஒரு வருஷம் கெடு கொடுத்திருந்தார்கள். அதற்குள் மூன்று பேருக்காவது வேலை தரும்படி ஏதாவது ஒரு கடையை அது வளர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் கூண்டுதான்.

கோழி கழுதையின் டீக்கடையைத் தேர்ந்தெடுத்தது.

கெடு முடிகிற அன்று, பண்ணையிலிருந்து வான்கோழி நோட்டும் கையுமாக மேற்பார்வைக்கு வந்தது.

"வருஷம் பூரா என்னம்மா செஞ்சே?"

"உட்கார்ந்திருந்தேன் சார். எனக்குத் தெரிஞ்சது அதுதான். கழுதையண்ணன் கடையை மூடிடறேன்னு சொல்றப்போ எல்லாம் வாசல்லயே உட்கார்ந்துடுவேன்."

"உதைக்க மனசு வரலை," என்றது கழுதை.

"சரி, யாருக்கு வேலை கிடைச்சுது?"

"வால் போன பல்லியை யாருமே சேர்க்கலை. இங்கே அதுதான் ஆர்டர் சரியான்னு சொல்லுது. பூனை, பால் கெட்டிருக்கான்னு பார்க்குது."

"அடிக்கடி பார்க்கிறேன்," என்றது பூனை, மீசையைத் துடைத்துக்கொண்டே.

"ரெண்டுதானே ஆச்சு? கிளம்பு, கூண்டு திறந்தே இருக்கு."

கோழி வாசலை விட்டு எழுந்தது. ஆனால் வான்கோழி நகரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கழுதையின் காதருகே குனிந்தது.

"அண்ணே, கிறிஸ்துமஸ் வருது. ரெண்டு வாரமா பண்ணையில எனக்கு மட்டும் ஸ்பெஷல் தீனி போடறாங்க. இங்கே ஏதாவது வேலை இருக்கா?"

"டம்ளர் கழுவணும்."

வான்கோழி நோட்டைத் திறந்து, இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதியது.

"வாளி எங்கே?" என்றது.