எல்லாம் வல்ல சேர்மன்

"லேசுல யாருக்கும் தெரியாத இங்கிலீஷ் வார்த்தையா ஒண்ணு சொல்லுங்க சார். நாளைக்கு கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ. நீங்கதான் கேள்வி கேக்கணும்" என்றார் பஞ்சாயத்து யூனியன் சேர்மன் மொக்கைச்சாமி.

திண்டுக்கல்லில் இங்கிலீஷ் வாத்தியாரான சோலைமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆம்னிபொட்டன்ட். எல்லாம் வல்லன்னு அர்த்தம். கடவுளுக்குத்தான் போடணும். மனுசனுக்குப் போடக் கூடாது."

"அம்புட்டுப் பவரா? அதையே கேளுங்க."

வீட்டுக்கு வந்த வாத்தியார் முதல் வேலையாக மச்சினன் சின்னக்கண்ணுவைக் கூப்பிட்டு அந்த வார்த்தையை ஊட்டிவிட்டார். மூணு வருஷமாக அக்கா வீட்டோடு கிடக்கிறான். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் வாத்தியார் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. நேர்மையைப் பற்றி வகுப்பில் பேசிக்கொள்ளலாம்.

மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள். எட்டுப் பேர் அந்த வார்த்தையைக் கேட்டதும் மோட்டுவளையைப் பார்த்தார்கள்.

சின்னக்கண்ணு கெட்டிக்காரன். அர்த்தம் சொன்னதோடு நிற்காமல் வாக்கியமும் அமைத்தான்.

"தி சேர்மன் இஸ் ஆம்னிபொட்டன்ட்."

சேர்மன் திரும்பினார். "மனுசனுக்குப் போடலாமா சார்?"

வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. "கூடாதுங்க" என்றார் ஈனக் குரலில்.

கடைசியாக வந்தவள் சிவனம்மாள். தோல் பதனிடும் ஷாப்பில் கூலி வேலை பார்க்கும் ஒரு விதவையின் மகள்.

"எல்லாம் வல்ல. காட் இஸ் ஆம்னிபொட்டன்ட். மனுசனுக்குப் போடக் கூடாது" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். வேலை அவளுக்கே.

எல்லாரும் போனதும் வாத்தியார் சேர்மனைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உங்ககிட்டச் சொன்னதை அந்தப் பொண்ணு அப்படியே ஒப்பிக்குது. கேள்வி வெளிய போயிருக்கு. இது அநியாயமில்லையா?"

நியாயம் கேட்கும்போது அவர் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

"அநியாயந்தான் சார். மார்க்குல அந்தப் புள்ளதான் முதல். ஆனா மந்திரி ஆளு, மில்லுக்காரர் ஆளு, எம் பொண்டாட்டி ஆளுன்னு மத்த எல்லாருக்கும் சிபாரிசு. ஒருத்தரையாவது முடியாதுன்னு சொல்ல எனக்கு ஏது பவரு? அதான் உங்க வார்த்தைய விட்டு முடியாதுன்னு சொல்ல வச்சேன்."

"அதுக்காக? கேள்விய முன்னாடியே சொல்லிக் குடுக்கிறதா?"

சேர்மன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"உங்க மச்சினனுக்குச் சொல்லிக் குடுக்க நீங்க இருந்தீங்க. அந்தப் புள்ளைக்கு யாரு சார் இருக்கா? அதான் நான் சொல்லிக் குடுத்தேன்."