இரண்டு இபு தர்மோ

"வகியெம்" என்று கூப்பிட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுபடியும் கூப்பிட்டேன். மாதர் குழுக் கூட்டத்துக்காகக் கூடத்தில் இருந்த இருபது பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்படி யாரும் நம்ம சந்துல இல்லையேம்மா" என்றார் இபு ப்ரோத்தோ. சந்திலேயே பெரிய வீடு அவருடையது.

பதிவேட்டில் வீட்டு எண்ணைச் சரிபார்த்தேன். "இபு... அது நீங்கதான்."

யாரோ முக்காட்டுக்குள் சிரித்தார்கள். எங்கள் ஐந்து நாள் சந்தை வாரத்தில் வகே நாளன்று பிறந்த குடியானவப் பெண்ணுக்கு வைக்கிற பேர் அது. இபு ப்ரோத்தோ அதை முப்பது வருஷமாக யாருக்கும் சொன்னதில்லை.

சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. எங்கள் பக்கம் கல்யாணமானால் பெண்ணுக்குப் புருஷன் பேர்தான். அதன் முன்னால், அம்மா என்கிற மாதிரி, ஒரு இபு. பக்கத்து வீட்டில் இருபது வருஷம் உப்புக் கடன் வாங்கியவளுக்கும் அவள் சொந்தப் பேர் தெரியாது.

அன்று காலைதான் குழுத் தலைவி இபு சுரோசோ என்னிடம் புதுப் பதிவேட்டைத் தந்தார். அடையாள அட்டையில் இருக்கிற பேரைத்தான் இனிமேல் கூப்பிட வேண்டும் என்றார்.

அடுத்து "பொனியெம்" என்றேன். இரண்டு பேர் கை தூக்கினார்கள். ஒருவர் தெம்பே என்கிற சோயாக் கட்டி விற்கிறவர், இன்னொருவர் தலைவியே. தெம்பேக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒருவருக்குத் தன் பேரே காதில் ஏறவில்லை, பக்கத்திலிருந்தவர் இடித்த பிறகுதான் விழித்துக்கொண்டார். யார் யாரென்று எனக்கே தலை சுற்றியது.

காரணத்தைத் தலைவி சொல்லாவிட்டாலும் பெண்கள் தாங்களே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

மூன்று மாதம் முன்பு இதே கூடத்தில் நான் "இபு தர்மோ" என்று கூப்பிட்டபோது இரண்டு குரல்கள் பதில் தந்தன. ஒன்று, இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பேரோடு இருந்தவருடையது. மற்றது, அவரை விவாகரத்து செய்துவிட்டு தர்மோ புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தவளுடையது. மூத்தவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்தான். பிறகு கூட்டத்துக்கும் வரவில்லை, குழந்தைகளுக்கு எடை பார்க்கிற நாளுக்கும் வரவில்லை. அவர் தூக்கி வைத்தால் அழாத குழந்தைகள் இப்போது தராசைக் கண்டாலே வீறிடுகின்றன. அவர் திரும்பி வரவேண்டும் என்பதில் மட்டும் சந்தில் இரண்டு கருத்து இல்லை.

"புருஷனை எடுத்தாச்சு, வீட்டை எடுத்தாச்சு, மிச்சம் இருந்தது பேர்தான். அதையும் உருவியாச்சு" என்றார் இபு ப்ரோத்தோ, வாசல் பக்கம் பார்த்து.

வாசலோரம் இளையவள் தேநீர்த் தட்டோடு நின்றாள். போன வாரம் அவள் பொரித்த வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு தலைவி வீட்டுக்கு நடையாய் நடந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். அவள் தட்டிலிருந்து யாரும் குவளை எடுக்கவில்லை.

அப்போதுதான் மூத்தவர் வந்தார். மதியம் நான் கொண்டுபோய்க் கொடுத்த அழைப்புச் சீட்டு கையில் இருந்தது. அதிலும் தலைவி சொன்னபடி சொந்தப் பேர்தான் எழுதியிருந்தேன். நாலு பேர் எழுந்து போய், நடந்த அநியாயத்தை அவர் காதில் போட்டார்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

எனக்கு அடுத்த பேரைக் கூப்பிடப் பயமாக இருந்தது. "சுமிரா" என்றேன்.

அவர் தன் பேரை ஒரு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்.

"இருக்கேன்" என்றார். பிறகு வாசலைப் பார்க்காமலே, "அந்தப் பேரும் வேணும்னு கேட்டாளாமே. வெச்சுக்கட்டும். பழைய துணிதானே, அவளே துவைச்சுப் போட்டுக்கட்டும்" என்றார்.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுமிராவும் சிரித்தார். வியாழக்கிழமை எடை பார்க்க வருவதாகவும் ஒப்புக்கொண்டார். இளையவள் தலையைக் குனிந்துகொண்டு, யாரும் தொடாத குவளைகளை உள்ளே கொண்டுபோனாள்.

எல்லோரும் போன பிறகு, தலைவிக்குக் குவளை கழுவிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். "அவங்க சொல்றது நிஜமா இபு? அந்தச் சின்னக்காதான் வந்து கேட்டாங்களா?"

"ஆமா, அவதான். மூணு தடவை வந்தா."

அப்படியானால் பெண்கள் சொன்னது சரிதான். ஆனால் ஏதோ இடித்தது. அந்தப் பேர் அவளுக்கும்தான் போய்விட்டதே. பதிவேட்டில் அவள் இப்போது வெறும் நிங்சி.

"எதுக்குக் கேட்டாங்க?"

"'நான் வந்து உக்காந்ததும் அந்தக்கா எழுந்து போயிட்டாங்க, அந்தப் பேரு ரெண்டு பேருக்குமே வேண்டாம்'னா."

"இதை எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே இபு. எப்படித் திட்டுறாங்க பாருங்க."

"சொல்லட்டுமான்னு கேட்டேன் ரத்ரி. 'அவங்களுக்காகத்தான் நான் கேட்டேன்னு தெரிஞ்சா அந்தக்கா மறுபடி வரமாட்டாங்க. என்னைத் திட்டுறதுக்காவது வரட்டும்'னுட்டா."