வஹீத் பாய் வாசித்த ஏழு நிமிஷம்

"அது அழிஞ்சிடுச்சும்மா" என்றான் செம்பியன்.

ஹாஜிரா பீ கையிலிருந்த டீயைக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்தார்.

நிஷாவுக்குச் சுருக்கென்றது. "செம்பியன்கிட்ட கட்டாயம் இருக்கும், வாங்க" என்று ஆபீஸ் தோழி ஜோயாவையும் அவள் அம்மா ஹாஜிரா பீயையும் மேற்கு மாம்பலம் வரை இழுத்துக்கொண்டு வந்தவளே அவள்தான்.

'தீப்பெட்டி' ராக் பேண்டு எங்கே வாசித்தாலும் குச்சியில் மைக்கை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்பவன் செம்பியன். பேண்டுக்காரர்களே தங்கள் பழைய கச்சேரியைக் கேட்க இவனிடம்தான் வருவார்கள். பதிவு ஓடும்போது பக்கத்தில் எவனும் இருமக்கூடக் கூடாது. ஒருமுறை நிஷா கூடச் சேர்ந்து முணுமுணுத்துவிட்டாள் என்பதற்காக ஒரு மாசம் பேசாமல் இருந்த மகாராசன். இவனிடமா ஒரு பதிவு அழியும்?

"மத்த பாட்டெல்லாம் கீதாமே தம்பி? எங்க ஊட்டுக்காரர் வாசிச்சது மட்டும்தான் இல்லியா?"

"ஆமாம்மா. அந்த எடத்துல மட்டும் மெமரி கார்டு மக்கர் பண்ணிடுச்சு."

பெசன்ட் நகர் பீச்சில் நடந்த கச்சேரியில் மூன்று விருந்தாளிகளை பேண்டு மேடையேற்றியிருந்தது. மயிலாப்பூரிலிருந்து ஒரு மிருதங்கம், ஒரு வயலின், அப்புறம் புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியம் வாசிக்க ஜோயாவின் அப்பா அப்துல் வஹீத். காலமெல்லாம் கல்யாண வீட்டிலும் தர்கா உரூஸ் விழாவிலும் வாசித்த மனுஷன். அவ்வளவு பெரிய மேடையும் கூட்டமும் அவருக்கு அன்றுதான் முதல்முறை. நிஷாவுக்கும் ஜோயாவுக்கும் அன்றைக்கு ஷிப்ட். ஹாஜிரா பீக்கு முழங்கால் வலி. மூவருமே போகவில்லை. பிறகு பேண்டு வெளியிட்ட வீடியோவில் அவர் வாசித்த ஏழு நிமிஷத்தையும் வெட்டிவிட்டார்கள்.

"அன்னிக்கு வந்து இன்னா சந்தோஷம் தெரியுமா அவருக்கு? 'ஹாஜிரா, பீச்சே எழுந்து நின்னு எனக்காக கத்துச்சு'ன்னாரு. அப்பால வாத்தியத்தைத் தொடவே இல்ல தம்பி. 'இதுக்கு மேல எதுக்கு வாசிக்கணும், இந்தப் பேரே போதும்'னு துணியில சுத்திப் பரண்ல போட்டுட்டாரு. நோன்பு முடியறதுக்குள்ள போய்ட்டாரு."

ஜோயா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா வாசிச்சது வேற எங்கயுமே இல்ல, செம்பியன். கல்யாண வீடியோல எல்லாம் அவர் வாசிப்பு மேலயே சினிமாப் பாட்டைப் போட்டுட்டாங்க. அம்மாவுக்கு அவர் வாசிச்சதையும் அந்தக் கைதட்டலையும் ஒரே ஒரு தடவை கேக்கணுமாம். அவ்ளோதான்."

செம்பியன் தரையைப் பார்த்தான். "சாரி."

ஹாஜிரா பீ மெல்ல எழுந்தார். "பரவால்ல பேட்டா. நசீபுல இல்ல." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். "நீ நேர்ல கேட்டிருப்பல்ல? நல்லா வாசிச்சாரா?"

"ரொம்ப நல்லாம்மா."

அதற்கே அவர் முகம் மலர்ந்துபோயிற்று. ஜோயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அவர்கள் தலை மறைந்ததுமே நிஷா பொங்கிவிட்டாள். "பொய்! கார்டாம், மக்கராம்! வேற யார்கிட்டயும் இல்லாத பதிவு உன்கிட்ட மட்டும் இருக்கணும், அதானே? செத்தவரோட கடைசி வாசிப்பைப் பதுக்கி வெச்சு ஊரெல்லாம் பீத்திக்கப் போற. நீயெல்லாம் மனுஷனாடா?"

செம்பியன் மேஜைக்குப் போனான். லேப்டாப்பைத் திறந்து, நடுவிலிருந்து ஓடவிட்டு, ஹெட்ஃபோனை அவளிடம் நீட்டினான்.

விசில். ஊளை. "எறங்கு! எறங்கு!" என்று கைதட்டித் தாளம் போட்டுக் கத்தியது கூட்டம். அடியில் எங்கேயோ புல்புல்தாரா தடுமாறிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. "மன்னிச்சிக்குங்க" என்றது மைக்கில் ஒரு வயசான குரல்.

பீச்சே எழுந்து நின்று கத்தியதாக அவர் சொன்னதில் பொய்யில்லை.

அவர் வாத்தியத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டது எதற்கென்று இப்போது நிஷாவுக்குப் புரிந்தது.

"இதை எப்படி அந்தம்மா கையில குடுக்கறது?" என்றான் செம்பியன். "அவர் சொல்லிட்டுப் போனதையே நம்பிக்கினு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"என்னை மன்னிச்சிடுடா. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தோளைத் தட்டினாள். இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தன் நமக்கு நண்பனாயிருக்கிறானே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உடனே ஒன்று தோன்றியது. "அவனுங்க கத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வரைக்கும் வெட்டிக் குடுக்கலாமே! ரெண்டு நிமிஷம் கிடைச்சாலும் அவங்களுக்குப் போதும்டா."

"வேணாம் நிஷா. விடு." அவன் அவசரமாக ஹெட்ஃபோனைப் பிடுங்க வந்தான்.

அதற்குள் அவள் ஆரம்பத்துக்குப் போய்விட்டாள். சத்தத்தைக் கூட்டி, எங்கே வெட்டலாம் என்று கண்ணை மூடிக் கேட்டாள்.

புல்புல்தாரா மெதுவாகத் தொடங்கியது. யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல அத்தனை வாஞ்சையாக இருந்தது. கூட்டம் அமைதியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ ஒருவர் "ஆஹா" என்றுகூடச் சொன்னார்.

பிறகு ஒரே ஒரு குரல், மைக்குக்கு வெகு அருகில்.

"போதும் தாத்தா, எறங்கு!"

சிலர் சிரித்தார்கள். அப்புறம்தான் மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நிஷா ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். செம்பியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். அவன் மைக் பக்கத்தில் வேறு யாரும் வாயைத் திறந்திருக்க முடியாது.

சற்று முன்பு ஹாஜிரா பீயிடம் "ரொம்ப நல்லாம்மா" என்று சொன்ன அதே குரல்.