பம்பரில் ஒட்டிய நீலம்

"கார் பார்க்குல லேசா உரசிடுச்சு. இன்னிக்கே மறைஞ்சாகணும்." என் பட்டறைக்கு வந்து கார் சாவியை நீட்டியவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பம்பர் கீறலில் நீலம் ஒட்டியிருந்தது. மகளின் பழைய ஸ்கூட்டருக்காக மிச்சப் பெயிண்டுகளைக் கலந்து நானே அடித்த நீலம். வேறெந்த வண்டிக்கும் கிடையாது.

மகளுக்குப் போன் செய்தேன். ஐந்து தடவையும் எடுக்கவில்லை.

பிள்ளையை இடித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான், பாவி! ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

போன் அடித்தது.

"அப்பா, கார் பார்க்குல நின்ன காரை உரசிட்டு ஓடி வந்துட்டேன். திட்டுவீங்கன்னுதான் எடுக்கல."

"அடி கிடி பட்டுச்சாம்மா?"

"இல்லப்பா."

"என்னய்யா, ஸ்பேனரோட நிக்கிற?" என்றார் கார்க்காரர்.

"பம்பரைக் கழட்டணும் சார். கூலி வேணாம்."