குதிரையின் பழைய பெயர்

மாட்டுப் பண்ணைக்கு நூறு வயது. விழாக் கூடத்தில் வெள்ளைக்கார முதலாளிகளின் படங்கள் வரிசையாகத் தொங்கின. மாடு ஓட்டியவர்களின் படம் ஒன்றுகூட இல்லை. நான் சமையல் கொட்டகைப் பக்கம் போனேன். அந்தக் காலத்தில் குதிரையேறி மாடு ஓட்டிய பூர்வகுடிக் கிழவி டல்சி, அங்கே டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயும் சரித்திரம் எழுத வந்தவளா?"

"இல்ல. முன்ன இங்க சமைச்ச அம்மாவப் பத்திக் கேக்கணும். மேவிஸ்னு ஒரு பொண்ணு அவங்களுக்கு..."

தகரக் குவளை ணங்கென்று மேசையில் இறங்கியது.

"அந்தப் பேர எடுக்காத. பெத்தவளே சாகுற வரைக்கும் அதைச் சொல்லல. அந்தப் பேர்ல ஒரு குதிரை இருந்துச்சு. அதுக்கே வேற பேரு வச்சிட்டா."

"அவ்வளவு வெறுப்பா?"

"வெறுப்பா? பாத்தா எங்காளு மாதிரி இருக்க, இதுகூடத் தெரியாதா? எங்க புள்ளைங்கள வெள்ளைக்காரங்க மாதிரி வளக்கணும்னு சட்டம் போட்டு, அஞ்சு வயசுல அந்தப் புள்ளய அரசாங்க வண்டியில தூக்கிட்டுப் போனானுங்க. அடுத்த மழைக்கு முதலாளி வந்து, காய்ச்சல்ல புள்ள செத்துப்போச்சுன்னு சொன்னார். செத்தவங்க பேர நாங்க சொல்ல மாட்டோம். சொன்னா, போற உசுரு போக முடியாமத் திரும்பிப் பாக்கும். புள்ள நிம்மதியாப் போகட்டும்னு பல்லக் கடிச்சிட்டுக் கெடந்தா."

டல்சி டீயை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஆமா, உம் பேரென்னம்மா?"

வாயைத் திறந்தேன். அம்மா ஆயுள் முழுக்க விழுங்கி வைத்திருந்த பெயரை என்னால் சொல்ல முடியவில்லை.