கோடு வரைக்கும்

லேப் பெண் ஜெனிலா மூத்திரக் கப்புக்குள் தோய்த்த சோதனைப் பட்டையை வெளியே எடுத்துப் பார்த்தாள். நிறம் மாறவே இல்லை.

“எல்லாம் நார்மல் அண்ணாச்சி. கிருமியே இல்ல.”

பெற்றவர்கள் யாராயிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். லிங்கராஜ் கப்பையே வெறித்துப் பார்த்தார்.

ஒன்றரை வயது மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை. மூத்திரத்தில் கிருமி இருந்தால் மருந்திலேயே சரியாகிவிடும், இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து லிங்கராஜுக்குத் தன் முதுகே கூசிக்கொண்டிருந்தது.

விடிந்ததிலிருந்து கப்பும் கையுமாக மகளுக்குப் பின்னால் அலைந்தார். நன்றாகக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் பாயில் போனாள். அவர் வேட்டியில் போனாள். கப்பைக் கண்டால் மட்டும் சாமி சிலைபோல நின்றாள்.

பத்து மணிக்கு ஒருவழியாக மனமிரங்கினாள். கப்பில் போட்டிருந்த கோட்டுக்குப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

லிங்கராஜ் போல்பேட்டையில் பதினைந்து வருடமாகப் பால்கடை வைத்திருக்கிறவர். அளவு குறைந்த பாத்திரத்தை யாரிடமும் நீட்டிப் பழக்கமில்லை. கை தானாகக் குழாயைத் திறந்தது. கோடு வரைக்கும் ஊற்றி மூடிவிட்டார். மனைவி அனுசியாவிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது சொல்லியாக வேண்டும்.

திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் அனுசியாவின் மடியில் மகள் வாடிக் கிடந்தாள். பக்கத்தில் ஹார்பரில் கிரேன் ஓட்டும் வெள்ளத்துரை, தினம் ஒரு லிட்டர். அடுத்து இசபெல்லா டீச்சர், முக்கால் லிட்டர். ஜெனிலாவே அரை லிட்டர். நம்பி வாங்கலாம், சுத்தமான பசும்பால் என்று ஊரெல்லாம் சொல்லி அவர் கடையை வளர்த்துவிட்டவர்கள் இவர்கள்தான். இவர்கள் முன்னால் தண்ணீர் என்ற பேச்சையே எடுப்பதா?

மகள் முனகினாள். அவ்வளவுதான். கடையாவது, பேராவது.

“தங்கச்சி, பிள்ள கொஞ்சந்தான் போச்சு. நாந்தான் அதுல தண்ணிய ஊத்திட்டேன்.”

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அனுசியா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜெனிலா கோபப்படவில்லை. தண்ணீர் சேர்ந்தால் கிருமி இருந்தாலும் சரியாகத் தெரியாது, இப்போதாவது சொன்னீர்களே, இல்லாவிட்டால் பிள்ளையை வீணாகக் குத்தியிருப்பார்கள் என்று சொல்லிப் புதுக் கப் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை எவ்வளவு போனாலும் போதும், அப்படியே கொண்டுவரச் சொன்னாள்.

லிங்கராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கியது. அந்த நேரத்தில் அவள் எதைக் கேட்டிருந்தாலும் ஒளிக்காமல் சொல்லியிருப்பார்.

“எவ்வளவு ஊத்துனிய அண்ணாச்சி?” என்று நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள் ஜெனிலா.

“எப்பவும் ஊத்துத அளவுதான் தங்கச்சி. சரிபாதி.”