இருமச் சொன்ன இடம்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் 'இருமல் உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே, காசநோய்க்குச் சளி பார்க்கும் பிரிசில்லா நான்கு மாதமாகக் காலி டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தாள். இன்று காவலாளி விரட்டிவிட்ட முத்துப்பேச்சியை பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிப்போய் அவளே கூட்டிவந்தாள். முத்துப்பேச்சிக்கு இரண்டு முறை கொரோனா பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாள். பிரிசில்லா அவளைப் பின்பக்க வெயிலில் நிறுத்தி டப்பாவைக் கொடுத்தாள். முத்துப்பேச்சி சேலைத் தலைப்பை வாயில் பொத்தி, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் இருமி, துப்பிக் கொடுத்தாள்.

"இது எச்சி. எனக்குச் சளி வேணும். அடிவயித்துல இருந்து இருமுங்க."

"இப்படி இருமித்தான் மேடம் பழக்கம். சத்தம் கேட்டா பஸ்ஸ விட்டு எறக்கிருதாவ. அங்க பாருங்க, எல்லாரும் நம்மளயே பாக்காவ."

கொரோனா பரிசோதனைக்கு நின்ற வரிசை முழுக்க இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பிரிசில்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று வரிசைக்கு முன்னால் போய் நின்று, முகக்கவசத்துக்குள்ளேயே தொண்டை கிழிய இருமினாள். மறுபடியும் இருமினாள். வரிசை சிதறி ஓடியது. காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான்.

"வாங்க, என்னையும் வெளிய தள்ளுங்க!" என்று கத்தினாள்.

அப்போது அவளுடைய முதுகுக்குப் பின்னால் முத்துப்பேச்சி அடிவயிற்றிலிருந்து சத்தமாக இருமத் தொடங்கினாள். விசில் நின்றுவிட்டது. இருமல் நிற்கவில்லை.